பொத்தானை அழுத்துவது யார்?

விளையாட்டுக்கும் சூதுக்கும் இடையே எல்லை எங்கே இருக்கிறது? பணம் வைத்து ஆடினால் சூது, வைக்காமல் ஆடினால் விளையாட்டு என்று எளிதாக விடை சொல்லிவிடுகிறோம். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் சூதைக் கண்டித்தார். அக்காலத்தில் உருளும் காயும் வைத்த பணயமும் கண்ணெதிரே இருந்தன. ஜப்பானில் சென்ற நூற்றாண்டில் தோன்றிய சில இயந்திரங்களை நோக்கும்போது, அந்த விடை போதுமா என்ற ஐயம் எழுகிறது.

பச்சிங்கோ என்பது செங்குத்தாக நிற்கும் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆணிகள் அடித்த பலகை. சிறிய எஃகுக் குண்டுகள் ஆணிகளில் மோதித் தெறித்து விழும்; குறிப்பிட்ட துளையில் ஒன்று புகுந்தால் மேலும் குண்டுகள் பரிசாக வரும். சிறுவர் விளையாட்டிலிருந்து பிறந்த இது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெரியவர்களிடையே நாடெங்கும் பரவியது. அன்று ஒவ்வொரு குண்டையும் விரலால் நெம்புகோலைத் தட்டியே செலுத்தினர். ஆணிகளின் சாய்வை அறிந்த கண்ணுக்கும் பழகிய கைக்கும் அதில் ஓரளவு மதிப்பு இருந்தது. பின்னர் மின்விசைக் கைப்பிடி வந்தது. நிமிடத்திற்கு 100 குண்டுகள் வரை தாமே பாய்ந்தன. 1980-இல் சான்கியோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபீவர்' இயந்திரத்தில் மூன்று 7-கள் வரிசையாக நின்றால் குண்டுகள் கொட்டின. விளையாட்டில் கையின் பங்கு குறைந்துகொண்டே வந்தது.

ஜப்பானின் 1907-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் சூதாட்டத்தைக் குற்றமாக்குகிறது. ஆகவே கடையில் வென்ற குண்டுகளுக்குப் பணம் தருவதில்லை; பொருளைத் தருவார்கள். சிறு உறையில் இட்ட தங்கத் துணுக்காகவும் அது இருக்கலாம். அருகிலுள்ள ஒரு சாளரத்தில் அதைக் கொடுத்தால் பணம் கிடைக்கும். அங்கிருந்து மொத்த வணிகர் வழியாக அப்பொருள் மீண்டும் கடைக்கே வந்து சேரும். சட்டத்தின் கண்ணுக்கு இவை மூன்று தனித்தனி வியாபாரங்கள். வீட்டில் காத்திருப்பவர்களுக்கோ ஒன்றே!

இதற்கு நேர் எதிரான கருவிகளும் உண்டு. 1889-இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கிய நிண்டெண்டோ, 1975-இல் 'ஈ.வி.ஆர். ரேஸ்' என்ற கருவியைச் செய்தது. ஒளிநாடாவில் குதிரைகள் ஓடும். ஆடுபவர் வில்லைகளைப் பந்தயம் வைப்பார். இவ்வகை வில்லைகளைப் பணமாக மாற்ற இயலாது. மேலும் ஆடத்தான் பயன்படும். நமது எளிய விடைப்படி இது குற்றமற்ற விளையாட்டு. இதனால் குடும்பம் தெருவுக்கு வருவதில்லை. அது சிறிய வேறுபாடன்று. ஆயினும் மனம் கற்றுக்கொள்ளும் பழக்கம் ஒன்றுதானே?

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது 'பச்சிஸ்லாட்'. இதில் மூன்று சக்கரங்கள் சுழலும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பொத்தான். ஆடுபவரே அழுத்திச் சக்கரத்தை நிறுத்துகிறார். எனவே இது திறமை என்று தோன்றும். உண்மையில், நெம்புகோலைத் தட்டிய கணத்திலேயே உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று குலுக்கலை முடித்துவிடுகிறது. பரிசு இல்லை என்று முடிவானால், எவ்வளவு துல்லியமாக அழுத்தினாலும் சக்கரம் சில படங்கள் தள்ளிச் சென்றே நிற்கும். பரிசு உண்டென்றாலும், நேரம் தவறி அழுத்துபவர் அதை இழக்கக்கூடும். ஆக, பரிசைத் தவறவிட அவரால் முடியும், உண்டாக்க முடியாது.

தாயக்கட்டையை உருட்டுபவன் தான் அதிர்ஷ்டத்தின் கையில் இருப்பதை அறிவான். இங்கோ, செய்யும் ஆற்றலை அகற்றிவிட்டு, 'நான் செய்கிறேன்' என்ற எண்ணத்தை மட்டும் இயந்திரம் ஊட்டி வளர்க்கிறது. இரண்டு படங்கள் பொருந்தி மூன்றாவது விலகினால், 'சற்று முன்னால் அழுத்தியிருக்கலாமே' என்று மனிதன் தன் கையை நொந்துகொள்கிறான். தோல்வி அவனுக்குத் தோல்வியாகப் படுவதில்லை. கைக்கெட்டிய வெற்றியாகவே படுகிறது. அந்த வருத்தமே அவனை மீண்டும் அமர வைக்கிறது. கர்த்தா யார் என்று ஆராயும் நம் மரபில் வந்தவர்கள், வைத்த பணத்தை எண்ணுவதற்கு முன் இந்த ஏமாற்றையே முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பேன்.

2018-இல் ஜப்பான் சூதாட்ட அடிமைத்தனத்தை எதிர்கொள்ள ஓர் அடிப்படைச் சட்டம் இயற்றியது. நெடுங்காலம் 'விளையாட்டு' என்றே வகைப்படுத்தப்பட்ட பச்சிங்கோக் கடைகளின் ஆட்டமும் அச்சட்டத்தின் வரம்பில் சேர்க்கப்பட்டது. அதற்காகச் சட்டம் கையாண்ட சொல், 'சூதாட்டம் முதலியன'.