உயிர் ஓர் அமானிதம்

நம் புதுச்சேரியில் பல வீட்டுப் பிள்ளைகள் பிரான்ஸில் வாழ்கிறார்கள். பனிக்காலத்தில் அவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைப்பாதையில், பனியில் சிக்கிய வண்டிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மவ்த்தானார்கள். குளிர் மட்டுமல்ல, புகையும் உயிரைப் பறிக்கும். பனி புகைக்குழாயை அடைத்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு காருக்குள் நிறையும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபிகளார் (ஸல்) காட்டிய வழி. எனவே, வண்டியை விட்டு வெகுதூரம் நடந்து போகாதீர்கள். 112-ஐ அழையுங்கள். குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். அப்போது ஒரு கண்ணாடியைச் சற்றே இறக்கி வையுங்கள். போர்வை, தண்ணீர், பேரீச்சம்பழம் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! பயணத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.