ஒரு வெள்ளி மருந்து

எல்லார்க்கும் ஒரே அளவாகக் கொடுப்பதுதான் நீதியா? இவ்வினா என்னை முதன்முதலில் எதிர்கொண்டது வகுப்பறையில் அன்று. ஓர் இரப்பர்த் தோட்டத்து ஆயாக்கொட்டகையில்.

1985ஆம் ஆண்டு, பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் அங்கே நலப் பரிசோதனை முகாம் நடத்தினோம். மருத்துவ மாணவர்கள் இரத்த அழுத்தத்தை அளந்தனர். தமிழ் பயின்ற என் கையில் பெயரெழுதும் குறிப்பேட்டைத் தந்தனர். பால்மரம் சீவும் அம்மையார் ஒருவர் வந்தார். முந்தைய ஆண்டு முகாமிலேயே அவருக்குக் கடுமையான இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தது. அவர் ஒருமுறையேனும் செல்லவில்லை. ‘அக்கறையற்றவர்’ என்று அவர் பெயருக்கு எதிரே எழுதினேன். எழுதிய பின்னரே காரணம் கேட்டேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

“ஒரு வெள்ளிதானே அம்மா கட்டணம்?”

“மருந்துக்கு ஒரு வெள்ளிதான் தம்பி. காலையில போனா அந்திக்குத்தான் திரும்ப முடியும். ஒரு நாள் சம்பளம் போயிடுமே.”

கட்டணம் தோட்ட மேலாளருக்கும் ஒரு வெள்ளி; அவ்வம்மையாருக்கும் ஒரு வெள்ளி. இதனினும் சமமான ஏற்பாடு வேறு யாது? ஆயினும், மகிழுந்து உடையவர்க்கு அஃது ஒரு வெள்ளியாகவே நின்றது. பேருந்துச் சாலைவரை நடந்து செல்ல வேண்டியவர்க்கோ அது பேருந்துக் கட்டணமாகவும் ஒரு நாட்கூலியாகவும் வளர்ந்தது. மருத்துவம் கற்றவன் நோயின் அளவோடு நோயுற்றவனின் அளவையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். அவ்வளவு என்பது வயதும் உடல் வலிமையுமே என்றுதான் நான் படித்திருந்தேன். கூலியும் வழித்தொலைவும் அதனுள் அடங்கும் என்று எந்த உரையும் எனக்குக் கற்பிக்கவில்லை.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் சிற்றூரில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்னும் மருத்துவர், 1971இல் இதையே ஒரு விதியாக வகுத்துரைத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிட்டுகிறது என்பது அவ்விதியின் சாரம். மருத்துவரைக் காணக் கட்டணமே இல்லாத நாட்டிலிருந்து அவர் அவ்வாறு எழுதினார் என்பது கருதத்தக்கது.

ஒருவர்க்குக் கூடுதலாகக் கொடுப்பது ஓரவஞ்சனை ஆகாதா என்று கேட்பாருளர். கண்பார்வை மங்கிய மாணவனை முன்வரிசையில் அமர்த்தும் ஆசிரியரை யாரும் ஓரவஞ்சகர் என்பதில்லை. கரும்பலகை எல்லார்க்கும் பொதுவே. அதைப் படிக்கும் வாய்ப்பன்றோ ஒத்திருத்தல் வேண்டும்? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்துவிட்ட இன்றும் இவ்வினா மறையவில்லை. நாட்கூலிக்குக் காவல் வேலை பார்ப்பவர்க்கு, மருத்துவமனை தெருமுனையிலேயே இருந்தாலும், அங்கே காத்திருக்கும் அரை நாளுக்கு விலை உண்டு.

தொண்டு செய்யச் செல்பவர் கொடுக்கச் செல்வதாகவே எண்ணுகின்றனர். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். எங்களுக்கு நற்சான்றிதழ்கூடக் கிடைத்தது! அவ்வம்மையார் எனக்குக் கற்பித்ததற்கு அவருக்கு எவரும் சான்றிதழ் தரவில்லை.

குறிப்பேட்டில் எழுதிய சொல்லை அடித்துவிட்டு, நண்பர்களிடம் செய்தியைச் சொன்னேன். மாதம் ஒருமுறை நோயாளிகளைத் தோட்ட லாரியில் அழைத்துச் செல்லுமாறும், அன்றைய கூலியைப் பிடிக்காதிருக்குமாறும் நிருவாகத்தை வேண்டினோம். லாரி கிடைத்தது, கூலி கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு சென்றபோது, அம்மையாரின் இரத்த அழுத்தம் தணிந்திருந்தது. மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். கூலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று, இம்முறை மறவாமல் கேட்டேன். லாரி புறப்படும் நாள்களில் தம் பதின்மூன்று வயது மகள் தமக்குப் பதிலாக மரம் சீவுவதாக அவர் சொன்னார். அந்நாள்களில் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், அப்பெண்ணின் பெயருக்கு எதிரே என்ன எழுதினார்களோ, நான் அறியேன்.