திறந்து கிடந்த கடப்பு

2021 மே மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். கொரோனாவால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டிருந்தன. மற்ற ஆசிரியர்களைப் போல நானும் கணக்குகளைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மாதம் முழுவதுக்கும் வாங்கிய டேட்டா 12 நாளில் முடிந்துபோவதன் காரணம் மட்டும் விளங்கவில்லை. கொழும்பிலிருந்த மருமகன் தொலைபேசியில் சொல்லித்தர, ஒரு மஃரிபுக்குப் பிறகு றவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் 3 கைத்தொலைபேசிகள். பட்டியலில் 9 இருந்தன. கடவுச்சொல் என்ற ஒன்றே இல்லை.

மார்ச்சில் ஓர் இடிமின்னல் இரவுக்குப் பிறகு வேலை செய்யாமல் போன றவுட்டரை, பின்புறத்துச் சிறு துவாரத்தில் ஊசியால் குத்தி உயிர்ப்பித்தவன் நான்தான். பழைய றவுட்டர் அது. அப்படிக் குத்தினால் போட்ட பூட்டும் சேர்ந்து அழிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். மதிலுக்கு அப்பால் முருங்கை மரத்தடியில் நான்கு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். முகத்தில் போனின் வெளிச்சம். ஒருவன் என் வகுப்புப் பையன்; கணக்குகளைத் தவறாமல் செய்து அனுப்புகிறான் என்று நான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டிய பையன். மீதி 2 போன்கள் யாருடையவை என்பது இன்றுவரை தெரியாது.

முதலில் மனதில் வந்த சொல் களவு. வீடொன்றுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கும்படி சூறத்துந் நூர் சொல்கிறது. கடப்புத் திறந்து கிடப்பது அனுமதியாகாது. ஆனால் இந்தப் பிள்ளைகள் எங்கே நுழைந்தார்கள்? என் வீட்டு அலைதான் மதில் தாண்டி அவர்கள் இருந்த இடத்துக்குப் போயிருக்கிறது. அடுத்த பக்கம் சூறத்துல் மாஊன். அற்பப் பொருட்களையும் கொடாமல் தடுப்போரை அது கண்டிக்கிறது. தஃப்ஸீர்காரர்கள் அதற்குச் சட்டி, வாளி, கோடரி என்று உதாரணம் சொல்வார்கள். இந்தக் காலத்து வாளி எது? நான் மௌலவியல்ல, கணக்கு வாத்தியார். கேள்வி மட்டும் கேட்கலாம்.

வாப்பாவின் காலத்தில் எங்கள் வளவுக் கிணற்றில் அள்ளுவோர் யாரையும் கேட்டதில்லை. வாளியும் கயிறும் எப்போதும் கிணற்றுக்கட்டிலேயே கிடக்கும். ஆனால் அள்ளிப்போன தண்ணீரில் வாப்பாவின் பெயர் எழுதியிருக்கவில்லை. இந்த இணைப்பில் யார் எதைச் செய்தாலும் அது என் பெயரில்தான் வெளியே போகிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பின்வந்த நாட்களை நமக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. உம்மா ஓதிவந்த அறபுக் கிதாபு எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குள் கிடந்தது. வேலியோரம் இருந்து யாரோ பார்த்தது, அனுப்பியது என்று வாசலில் வந்து நிற்கும் அதிகாரிக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உண்மையைச் சொன்னால், டேட்டா போன கவலையைவிட இந்தப் பயம்தான் அன்றிரவு என்னைப் பூட்டவைத்தது.

பூட்டிய பிறகு தூக்கம் வரவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பிள்ளைகளுக்கு நான் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதில் நிய்யத்து இல்லை. நட்ட மரத்திலிருந்து களவு போனதும் நட்டவனுக்குத் தர்மமாகும் என்று ஹதீஸில் உண்டு; நான் மரம் நடவில்லையே, துவாரத்தில் ஊசியல்லவா குத்தினேன்! திறந்துவிட்டது என் கவனயீனம். பூட்டியதோ நன்றாக யோசித்து, என் விரலால் செய்த காரியம். கொடுத்ததற்கு நன்மை கேட்க எனக்கு வாயில்லை; நிறுத்தியதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவேயில்லை.

மறுநாள் மஃரிபுக்கு முருங்கையடி வெறுமையாய்க் கிடந்தது. இரண்டு நாள் பையனின் கணக்குகள் வரவில்லை. அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். அந்த நாட்களில் மீனும் சரியாக விலைபோகவில்லை. மூன்றாம் நாள் அவனைக் கடப்படிக்குக் கூப்பிட்டு, புதிய கடவுச்சொல்லைக் கொப்பித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். பாடத்துக்கு மட்டும் என்றேன். தலையாட்டினான். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டும் போகாமல் நின்றான்.

“மத்தப் புள்ளைகளுக்கும் செல்லட்டா சேர்?”

அந்த மூவரில் ஒருவன் யாருடைய பிள்ளையென்றே எனக்குத் தெரியாது. அவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.