அம்புப்படுக்கைக்கு முன்பே

“சுவாமிஜி, என் மேலதிகாரியோடு எனக்குச் சங்கடம் இல்லை, அவர் சொல்கிறார், நான் செய்கிறேன். எனக்குக் கீழே பணிபுரிவோரோடும் சங்கடம் இல்லை. நான் சொல்கிறேன், அவர்கள் செய்கிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவரோடுதான் சங்கடம்.”

வட மாநிலத் தொழில் நகரம் ஒன்றில், ஒரு தொழிற்சாலையின் நிர்வாகிகளுக்காக நடைபெற்ற முகாமில் உற்பத்திப் பிரிவின் மேலாளர் இவ்வாறு கூறினார். பக்கத்து அறைக்காரர் கொள்முதல் பிரிவின் மேலாளர். மூலப்பொருள் வந்து சேர இரண்டு வாரம் தாமதமாகும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் அவர் சொல்லவில்லை. காரணம், சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், எல்லோர் முன்னிலையிலும், உற்பத்தி மேலாளர் அவரைத் திறமையற்றவர் என்று சொல்லியிருந்தார். இயந்திரங்கள் நின்றன. நஷ்டம் இந்த இருவருக்கும் அல்ல. அவர்களுடைய சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிட்டது. கூலி இழந்தவர்கள் அன்றாட ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

சமமானவர்களுக்கு இடையிலான உறவே உறவுகளில் மிகக் கடினமானது. அங்கே கட்டளையும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை. நம்பிக்கை ஒன்றே அங்கே பாலம். அந்தப் பாலம் இடிந்தால் என்னவாகும் என்பதை மகாபாரதத்தைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் வேறு உண்டா?

பதினொன்றும் ஏழும்

குருக்ஷேத்திரத்தில் கௌரவர்களிடம் 11 அக்ஷௌஹிணி சேனை, பாண்டவர்களிடம் 7. பீஷ்மர், துரோணர், கர்ணன், சல்லியன் என்று மாவீரர்களுக்கும் அங்கே குறைவில்லை. குறைந்தது ஒன்றுதான்: அவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை.

போருக்கு முன் வீரர்களின் தரத்தை வரிசைப்படுத்தும்போது, சபை நடுவே பீஷ்மர் கர்ணனை ‘அர்த்தரதன்’, அதாவது அரைத் தேர்வீரன், என்றார். துரோணரும் அதை ஆமோதித்தார். கொதித்தெழுந்த கர்ணன், பீஷ்மர் வீழும்வரை ஆயுதம் ஏந்துவதில்லை என்று சபதம் செய்தான். பீஷ்மர் தலைமை வகித்த பத்து நாட்களும் அந்த மாவீரன் பாசறையில் வாளாவிருந்தான். அந்தப் பத்து நாட்களில் மடிந்தவர்கள் யார்? பெயர் தெரியாத போர்வீரர்கள். தலைவர்களின் மனத்தாங்கலுக்கு விலை கொடுப்பவர்கள் எப்போதுமே வேறு யாரோதான்!

பின்னர் கர்ணன் சேனாபதியானபோது அவனுக்குத் தேரோட்டியாக அமைந்தவன் சல்லியன். ஒரே தேரில் அமர்ந்துகொண்டே அவன் கர்ணனின் வீரத்தை இகழ்ந்தான், எதிரியைப் புகழ்ந்தான். கர்ணன் பகைவனோடும் போரிட வேண்டியிருந்தது, தன் சாரதியோடும் போரிட வேண்டியிருந்தது.

பாண்டவர் தரப்பில் பூசலே இல்லையா? இருந்தது. துரோணரை வதைத்த விதத்துக்காகத் திருஷ்டத்யும்னனைச் சாத்யகி கடுமையாகப் பழித்தான். இருவரும் மோதிக்கொள்ளும் நிலைக்கே வந்துவிட்டனர். பீமன் சாத்யகியைப் பிடித்து நிறுத்தினான். சகாதேவன் இதமாகப் பேசினான். கிருஷ்ணரும் தருமரும் இருவரையும் அமைதிப்படுத்தினர். அதே நாளில் அசுவத்தாமன் நாராயணாஸ்திரத்தை ஏவினான். ஆயுதங்களைக் கீழே வைத்து, தேரைவிட்டு இறங்குங்கள் என்றார் கிருஷ்ணர். பீமனைத் தவிர அனைவரும் இறங்கினர். அவனையும் தோழர்கள் இழுத்து இறக்கினர். சேனை பிழைத்தது. நல்ல கூட்டுறவு என்பது பூசல் எழாமல் இருப்பதல்ல. எழுந்த பூசல் அன்றைக்கே தீர்க்கப்படுவது.

முதிதை என்னும் மருந்து

உடன் பணிபுரிபவரை நம்ப முடியாமல் நம்மைத் தடுப்பது எது? பெரும்பாலும் அவருடைய குறை அல்ல, அவருடைய நிறைவே. அவர் பாராட்டப்படும்போது நம் நெஞ்சில் மெல்லிய முள் ஒன்று தைக்கிறது. இந்த முள்ளைப் பதஞ்சலி முனிவர் நன்கு அறிந்திருந்தார். மனத் தெளிவுக்கு அவர் கூறும் நான்கு மனோபாவங்களில் ஒன்று முதிதை: பிறருடைய மேன்மையைக் கண்டு மகிழ்தல். துன்பப்படுபவரிடம் கருணை காட்டுவது எளிது. அதில் நாம் சற்று உயரத்தில் நிற்கிறோம். நமக்குச் சமமானவர் உயரும்போது மகிழ்வது, அகங்காரம் கரைந்தால் அன்றி இயலாது. ஆகவே அலுவலகமும் ஒரு சாதனைக்களமே. அங்கே பக்கத்து அறை நமக்குக் கிடைத்த தவச்சாலை.

இந்தச் சாதனைக்கு நடைமுறையில் மூன்று படிகள். ஒன்று, உடன் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது, அவர் அங்கே அமர்ந்திருந்தால் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசுவது. நம்மிடம் பிறரை இகழ்பவர், பிறரிடம் நம்மையும் இகழ்வார் என்பதைக் கேட்பவர் உடனே புரிந்துகொள்கிறார். இரண்டு, கெட்ட செய்தியை, அதனால் பாதிக்கப்படுபவரிடம் முதலில் நாமே கொண்டு செல்வது. மறைத்து வைத்த ஒரு தகவல் நூறு இனிய சொற்களை அழித்துவிடும். மூன்று, தவறில் நம் பங்கைப் பிறர் சுட்டிக்காட்டுமுன் நாமே ஏற்றுக்கொள்வது. நம்பிக்கையைக் கேட்டுப் பெற முடியாது. முதலில் கொடுத்துத்தான் பெற வேண்டும்.

முகாமின் இறுதியில் கொள்முதல் மேலாளர் என்னிடம் தனியாக வந்தார். “அவமானப்பட்டவன் நான். நானா முதலில் போக வேண்டும்?” என்றார்.

அவருக்குப் பீஷ்மரின் அம்புப்படுக்கைக் காட்சியை நினைவூட்டினேன். பத்தாம் நாள் வீழ்ந்து, அம்புப்படுக்கையில் கிடந்த பாட்டனாரைத் தேடிச் சென்றவன் கர்ணன்; அவமதிக்கப்பட்டவனே முதலில் சென்றான். தன் கடுஞ்சொற்களைப் பொறுத்தருளும்படி வேண்டினான். அப்போது பீஷ்மர் மனம் திறந்தார்: கர்ணனின் வீரத்தைத் தாம் என்றுமே அறிந்திருந்ததாகவும், அது அர்ஜுனனின் வீரத்துக்கு நிகரானது என்றும், குலத்தில் பகை வளரக்கூடாது என்றே கடுமையாகப் பேசியதாகவும் கூறினார். எத்தகைய சொற்கள்! ஆனால் எவ்வளவு தாமதம்! அதற்குள் பத்து நாள் போர் முடிந்திருந்தது.

அவர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “உற்பத்திக் கணக்கில் அவரை மிஞ்சியவர் எங்கள் ஆலையில் இல்லை. இதை நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை” என்றார்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சொல்லப்படாத ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு அம்புப்படுக்கைவரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து அறை சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. இன்றே எழுந்து செல்வோம்.