நிறையும் குறையும்

வாங்கும்போது மிகுதியாகப் பெறாமலும் விற்கும்போது அளவைக் குறைக்காமலும் வாணிகம் நடத்தியவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வணிக அறத்திற்கு இதனினும் தெளிவான இலக்கணம் கூறுதல் அரிது. ஆயினும் அவ்விலக்கணத்துள் அடங்காத ஒரு குறை நம் காலத்தில் தோன்றியுள்ளது. தராசு நேராக நிற்கிறது; எடைக்கல்லில் பழுதில்லை; விற்பவர் நெஞ்சிலும் கள்ளமில்லை. எனினும் கூடையில் விழும் காய் முன்போல் சத்துடையதாக இல்லை. இக்குறையைக் கொடுத்தவர் யார்?

இது பழமையை ஏங்கிப் பேசும் பேச்சன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு டேவிஸும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்நாட்டு வேளாண்மைத் துறையின் 1950, 1999 ஆகிய ஆண்டுகளுக்குரிய அட்டவணைகளைக் கொண்டு 43 தோட்டப் பயிர்களை ஒப்பிட்டனர். ஆராய்ந்த 13 சத்துக்களுள் ஆறு குறைந்திருந்தன. புரதம் 6 விழுக்காடும், சுண்ணாம்புச் சத்து 16 விழுக்காடும், இரும்பு 15 விழுக்காடும், ரிபோஃபிளேவின் 38 விழுக்காடும் குறைந்தன, வைட்டமின் சியும் பாஸ்பரஸும் குறைந்தன. ஏனையவற்றில் உறுதியான மாற்றம் தென்படவில்லை.

மண் மலடாயிற்று என்பதே பலரும் கூறும் காரணம். அவ்வாய்வாளரோ, பயிரிடும் வகைகள் மாறியதையே முதன்மையான காரணமாகக் கருதினர். பெரிய காய், விரைந்த வளர்ச்சி, மிகுந்த விளைச்சல் ஆகியவற்றிற்காகவே புதிய வகைகள் தெரிந்தெடுக்கப்பட்டன. காய் பருக்கும் வேகத்திற்கு வேர் தாதுக்களை ஈர்க்கும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. ஆதலின் பருமன் கூட, சத்து அதனுள் விரவி நீர்த்துப் போகிறது. பாலில் நீர் கலந்தாற்போன்ற நிலைதான். ஆனால் இங்கே நீர் கலந்தவர் எவருமிலர்.

உழவரைப் பழிக்கலாமா? அவருக்கு எடைக்குத்தான் பணம் கிடைக்கிறது. வணிகரைப் பழிக்கலாமா? நெடுந்தொலைவு சென்றும் கெடாத காயை அவர் நாடுவது இயல்பு. அறிஞரைப் பழிப்பது நன்றிகேடாகும். 1960-களில் அயல்நாட்டுக் கப்பல் கொணரும் கோதுமையை எதிர்நோக்கியிருந்த நாடு இது. விளைச்சலைப் பெருக்குவோம் என்று புறப்பட்டவர்கள் பசியை எதிர்த்தே புறப்பட்டனர். எஞ்சியிருப்பவர் வாங்கும் நாமே. நிறத்தையும் பருமனையும் பார்த்துக் கண்ணால் வாங்குகிறோம்; மலிவையும் கேட்கிறோம். நாம் கேட்டதே நமக்குக் கிடைத்தது.

ஒருவரும் தவறு செய்யாதபோதும் தீங்கு விளையக்கூடும் என்பதே இங்கு எண்ணத்தக்கது. அத்தீங்கு எல்லார்மீதும் ஒன்றுபோல் விழுவதும் இல்லை. பாலும் பருப்பும் பழமும் நிறைந்த இலையில் ஒரு காயின் குறை தெரியாது. சோறும் ஒரு கறியுமே உணவாகக் கொள்பவருக்கு அது பேரிழப்பு. 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். இதற்குக் காரணங்கள் பலவாயினும், இரும்பில் இன்னும் சிறிது இழக்க அவர்தம் உணவில் இடமில்லை. பலருடைய செயலால் வந்த தீங்கு எவருடைய குற்றமும் அன்று எனலாம். ஆனால் அதைக் களையும் கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

அக்கடமையின் முதற்படி அளத்தல். நம் நாட்டில் அதற்கு வித்திட்ட இடங்களுள் குன்னூர் சிறந்தது. 1918-இல் மெக்காரிசன் அங்கு ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு, நம்மைப்போலவே ஊர் பெயர்ந்து, 1958-இல் ஐதராபாத்தை அடைந்தது. அதுவே இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 2017-இல் அது 528 உணவுகளின் சத்துக்களை அளந்து அட்டவணை வெளியிட்டது. இனி வரும் பயிர் வகைகள் விளைச்சலால் மட்டுமன்றிச் சத்தாலும் மதிக்கப்பட, இத்தகைய அளவீடே துணை.

அடுத்த படி நம் வீட்டு அடுப்படியில் உள்ளது. சத்துக் குறைந்ததென்று காய்கறியை ஒதுக்குதல் பேதைமை. குறைந்த நிலையிலும் அதற்கு ஈடான உணவு வேறில்லை. பலவகைக் காய்களையும் கீரைகளையும் மாறிமாறி உண்பதே தக்க வழி. ஊரிலிருந்து முருங்கைக்கீரை வரவில்லையே என வருந்தவும் வேண்டா. குளிர்காலத்தில் வடநாட்டார் விரும்பி வாங்கும் பத்துவா, நம்மவர் சக்கரவர்த்திக் கீரை என்றழைப்பதே. சிறிதாயினும் புதிதாகப் பறித்ததை நல்ல விலை கொடுத்து வாங்குவோமாயின், உழவரும் அதையே விளைவிப்பார். எடைக்கல் நேராயிருத்தல் விற்பவர் அறம். எதை எடையிடத் தகும் என்று அறிதல் வாங்குபவர் அறம்.