படத்தில் இருப்பதும் பார்சலில் வருவதும்

தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் பூத்தையல் போட்டு விற்கிறார்கள். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் தொடங்கிய பழங்குடியினர் நல முயற்சியை ஒட்டி வளர்ந்த இந்தப் பெண்களின் குழுவின் பெயர் போர்கை. ஏறக்குறைய மறந்தேபோன தையலை, அதை இன்னும் கையில் வைத்திருந்த மூத்த பெண்களிடம் கற்று மீட்டார்கள்.

இப்படியொரு சிறு தொழில் இணையதளம் தொடங்க நினைத்தால் முதலில் எழும் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. அதைவிடப் பழைய கேள்வி ஒன்று உண்டு. கைத்தையலில் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. தளத்திலோ ஒரே படம். பார்த்தது ஒன்று, பார்சலில் வந்தது வேறு என்றால் விற்றவர் செய்தது என்ன?

பொய் என்போம். சமணம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. போலிச் சரக்கு விற்பதையும் கள்ள அளவையையும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், திருடாமை விரதத்தை மீறும் குற்றங்களோடு சேர்க்கிறது. நுட்பமான பகுப்பு. பொய்யைக் கேட்டவர் நம்பாமலும் போகலாம். இங்கே காசு கைமாறிவிட்டது.

தர்மபுரியின் பழைய பெயரான தகடூரின் வணிகர்களுக்கு இது கேள்விப்படாத சங்கதியாக இருந்திருக்காது. நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்து, 9ஆம் நூற்றாண்டுத் தர்மபுரிக் கல்வெட்டு ஒன்று, வணிகர் வீட்டுச் சகோதரர் இருவர் இங்கே சமணக் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளும் அதே இடத்துக்குத்தான் வருகின்றன: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்றவர் மறுக்கக் கூடாது.

ஆகவே இணையதள வடிவமைப்பாளரைப் பார்க்கும் முன்பே வேலை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம் வேண்டும். நிறமும் தையலும் துணிக்குத் துணி சற்று மாறும் என்ற வரியும் வேண்டும், அதுவும் விலைக்குப் பக்கத்திலேயே. எந்தக் கூற்றும் ஒரு கோணத்திலிருந்தே உண்மை என்கிற சமணத்தின் அநேகாந்தவாதத்தை இதைவிடச் சுருக்கி எழுத முடியாது. அந்த வரியைக் காட்டியே கோணல் தையலைத் தள்ளிவிடுகிறவர்களும் இருப்பார்கள். அதற்கு அநேகாந்தம் பொறுப்பல்ல.

குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரையும் விதி கேட்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து நடத்தும் கடையில் அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது? தைக்கிறவரா, கணக்கு எழுதுகிறவரா, டவுனில் இருக்கும் மகனா? இதை வடிவமைப்பாளர் முடிவு செய்ய முடியாது.