புத்தி சொன்னவளும் கேட்டு நடந்தவளும்

ஜேன் ஒஸ்டினின் 'பர்சுவேஷன்' நாவலை ஆசிரிய கலாசாலை நாட்களில் காதல் கதையாகத்தான் வாசித்தேன். ரோஜர் மிஷெல் இயக்கி 1995இல் பிபிசி தந்த அதன் திரைவடிவத்தை அண்மையில் மறுபடி பார்த்தபோது, என் கண் காதலர்களில் நிற்கவில்லை. லேடி ரஸலில் நின்றது.

19 வயது ஆன் எலியட், கடற்படை அதிகாரி வென்ட்வர்த்தை விரும்புகிறாள். தாயில்லாத அவளுக்குத் தாயின் தோழி லேடி ரஸல்தான் எல்லாம். சொத்தில்லாதவன், வேண்டாம் என்கிறார் அந்த அம்மையார். ஆன் கேட்டு நடக்கிறாள். 8 ஆண்டுகள் கழித்து, 1814இல், போர் ஓய்ந்து அவன் 25,000 பவுணோடு திரும்புகிறான்.

படத்தில் ஒப்பனை குறைவு. மற்றவர்கள் ஆட, அமண்டா ரூட் பியானோவில் குனிந்திருக்கிறார். கழிந்துபோன 8 ஆண்டுகளும் அந்த முகத்தில் தெரிகின்றன. புத்தி சொன்னவர்மீது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஒஸ்டின் அவ்வளவு இலேசாக விடுபவர் அல்லர். யார் பேச்சுக்கும் அசையாத உறுதியை வென்ட்வர்த் மெச்சுகிறான். அதே உறுதியோடு லைம் துறைமுகப் படியிலிருந்து குதித்த லூயிசா தலையில் அடிபட்டுக் கிடக்கிறாள். நாவலின் முடிவில் ஆன் சொல்வது இன்னும் சிக்கலானது: அந்த ஆலோசனை தவறு, ஆயினும் அதைக் கேட்டு நடந்தது சரி; தான் யாருக்கும் அப்படிப் புத்தி சொல்லமாட்டாள்.

இது கேட்டவளை விடுவிக்கிறது. சொன்னவரை?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பிள்ளையொன்றின் உம்மா, "சேர், நீங்க சொன்னாக் கேப்பாள்" என்று வந்து நின்றார். பொடியனுக்கு நிலையான தொழிலில்லை. நான் சொன்னேன், அவள் கேட்டாள். என்னிடம் கெட்ட எண்ணமில்லை. லேடி ரஸலிடமும் இல்லை. அவன் வெளிநாடு போய் உழைத்து, வேறிடத்தில் முடித்தான். அவள் தனியாக, பாலர் பாடசாலையொன்றில் கற்பிக்கிறாள். வழியில் கண்டால் பழைய மரியாதையோடு சலாம் சொல்கிறாள். அந்த மரியாதைதான் உறுத்துகிறது.

லேடி ரஸலின் குற்றம் கணிப்புப் பிழைத்தது அல்ல, யாருக்குத்தான் பிழைக்காது? தன்மீது ஆனுக்கிருந்த அன்பையே நியாயத்தின் இடத்தில் வைத்தார். ஆசிரியனுக்கும் அது எளிது. நம் சொல் சரியா என்று பார்க்குமுன்பே பிள்ளைகள் அதற்குக் கனம் கொடுத்துவிடுகிறார்கள்.

படம் காதலர்களைக் கப்பலில் ஏற்றி முடிகிறது. நாவலோ, தான் பிழைத்ததை லேடி ரஸல் ஏற்கவேண்டி வந்ததையும் சொல்கிறது. வென்ட்வர்த் திரும்பி வந்ததால் அவருக்கு அது வாய்த்தது. என் மாணவிக்கு யாரும் திரும்பி வரவில்லை. பிழை என்னுடையது என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இறங்கப்போவது அவள் பாரமா, என்னுடையதா?